பங்குப் பேரவையும் ஒரு ஹார்டு டிஸ்க்கும்

எங்கள் கோவில் லேப்டாப் தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட ஆரம்பித்தது. காணிக்கைப் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல ‘டிக், டிக்’ என்று கேட்டது. திரையில் இரண்டாவது சரணம் வரவில்லை. சனங்கள் முதல் சரணத்தையே இன்னொரு தடவை பாடிச் சமாளித்தார்கள்.

சத்தத்தைக் கேட்டவள் ஐரின். வாரநாட்களில் தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் கீபோர்டு வாசித்துக்கொண்டே பாட்டு வரிகளைத் திரையில் ஏற்றுவாள். பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிவிடுகிற அவளுக்குப் பெரியவர்களை எதிர்த்து ஒரு சொல் பேச வராது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பேகம்பூருக்குப் போனாள். அங்கே தாஹிரா கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார்.

தாஹிரா லேப்டாப்பின் மேல் காதை வைத்துக் கேட்டார்.

“டீச்சர், ஹார்டு டிஸ்க் போகப்போகுது. இந்தச் சத்தம் வந்துட்டா ரொம்ப நாள் தாங்காது. இங்கனயே விட்டுட்டுப் போங்க. புதுசு போட்டு, உள்ள இருக்கறத எல்லாம் அதுக்கு மாத்தித் தாரேன்.”

“கோவில்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேங்க்கா.”

“தாராளமாக் கேளுங்க. ஆனா அதுவரைக்கும் இதை ஆன் பண்ணாதீங்க. ஆன் பண்ணப் பண்ண உள்ள தேயும்.”

ஐரின் ஒரு வார்த்தை கேட்கத்தான் போனாள். கேட்ட இடம் பங்குப் பேரவை.

பங்குப் பேரவை என்பது கோவில் காரியங்களில் எங்கள் பாதிரியாரான பங்குச்சாமிக்கு யோசனை சொல்வதற்காக ஏற்பட்டது. தெருவாரியாகக் கூடி ஜெபிக்கிற குடும்பங்களை அன்பியம் என்போம். அன்பியத்துக்கு ஒருவர், சபைக்கு ஒருவர் என்று உறுப்பினர்கள். எங்கள் தெரு அன்பியத்தின் சார்பில் நானும் அதில் இருக்கிறேன். பேசியதில்லை. பேசுவதற்கு எங்களுக்குச் செயலாளர் கிறிஸ்துராஜ் சார் இருந்தார். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தைத்தான் விட்டுவந்தார், கண்காணிப்பை விடவில்லை.

லேப்டாப்பில் பாட்டு மட்டும் இருந்திருந்தால் ஐரின் அவ்வளவு பதறியிருக்க மாட்டாள். எங்கள் பாஸ்காவும் அதற்குள்தான் இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகிற சாலையில் எங்கள் கோவிலைத் தெரியாதவர்களுக்குக்கூட எங்கள் பாஸ்காவைத் தெரியும். குருத்து ஞாயிறு சாயங்காலம் கோவில் மைதானத்தில் மேடை போட்டு, ஆண்டவர் பாடுபட்டு மரித்ததை நடித்துக் காட்டுவோம். நடிப்பது மட்டும்தான் நாங்கள், பேசுவது வேறு ஆட்கள். எப்போதோ இருந்த ஒரு பங்குச்சாமி, மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் குரல்வளம் உள்ளவர்களைப் பிடித்து வசனம் முழுவதையும் பேசவைத்துப் பதிவு செய்து வந்தார். அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு நாங்கள் வாயசைப்போம். அந்த ஸ்டுடியோ இப்போது பிரியாணிக் கடை. அன்று கொண்டுவந்த சிடி கீறல் விழுந்து செத்துவிட்டது. மிச்சம், லேப்டாப்பில் இருந்த ஒரே பிரதி.

இயேசுவாக நடிப்பவர் பிரிட்டோ. செம்பட்டிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். தவக்காலம் முழுவதும் தாடி வளர்ப்பார். அந்த நாட்களில் பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே ஆட்டோவை நுழைக்க மாட்டார். மாதாவாக நடிப்பவர் கிளாரா. கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை. நாள் முழுக்கப் பேசுகிற தொழில், மேடையில் மட்டும் வருடக்கணக்காக வெறும் வாயசைப்பு. கிறிஸ்துராஜ் சார், ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிற ரோமை ஆளுநர் பிலாத்து. நான் ரோமைப் போர்வீரன். சாட்டை உண்டு, வசனம் கிடையாது.

முதல் கூட்டத்தில் ஜெபம் முடிந்து டீயும் போண்டாவும் வந்தபின் ஐரின் எழுந்து விஷயத்தைச் சொன்னாள். கிறிஸ்துராஜ் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“டீச்சர், ஹார்டு டிஸ்க் வாங்குறதுக்கு நான் எதிரி இல்ல. எந்த டிஸ்க்குக்கும் நான் எதிரி இல்ல. ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு. நான் சர்வீஸ்ல இருந்தப்ப எங்க ஆபீஸ் சுவர்க் கடிகாரம் நின்னுபோச்சு. முறைப்படி மேல எழுதினோம். நான் ரிட்டயர்டு ஆகுற வரைக்கும் அது நின்னுதான் கெடந்துச்சு. ஆனா ஒரு பய, ஒரு குறை சொல்ல முடிஞ்சதா?”

யாராலும் சொல்ல முடியவில்லை.

எங்கள் பங்குச்சாமி வயதில் சிறியவர், வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவருக்கு முன்னால் இருந்த சாமி யாரையும் கேட்காமல் ஒரு மைக் வாங்கி, அதற்காக ஆயர் இல்லத்துக்கு மனு போய், கடைசியில் மாற்றலாகிப் போனார். அந்த மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு புதிய சாமி சொன்னார்: “எல்லாரும் ஒத்துமையா ஒரு முடிவுக்கு வாங்க. நான் ஆசீர்வதிக்கிறேன்.”

“அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம்” என்றார் செயலாளர். “சத்தம் வருதுன்னு டீச்சர் சொல்றாங்க. பேரவை கேட்டுச்சா?”

“ஆன் பண்ணக் கூடாதுன்னு கடையில சொன்னாங்க சார்” என்றாள் ஐரின்.

“கடைக்காரங்க சொல்றத நம்பி ஒரு பேரவை முடிவெடுக்க முடியுமா? போடுங்க, கேப்போம்.”

லேப்டாப்பைப் போட்டார்கள். டிக், டிக் என்று கேட்டது. பின்வரிசையில் இருந்தவர்கள் தங்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள். அணைத்து, பின்வரிசைக்குத் தூக்கிப்போய் மறுபடி போட்டார்கள். எல்லாரும் கேட்டோம். சத்தம் வருவதாகப் பேரவை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. பிறகு ஹார்டு டிஸ்க் தேர்வுத் துணைக்குழு அமைக்கப்பட்டது. அதில் ஐரினைச் சேர்க்கலாமே என்று யாரோ சொன்னார்கள்.

“வேணாம்” என்றார் செயலாளர். “கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க குழுவுல இருந்தா ஏதாவது ஒரு பக்கமாச் சாஞ்சிருவாங்க. நடுநிலைமை முக்கியம்.”

அந்த விதிப்படி கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாத ஐந்து பேர் தேர்வானோம். என் பெயரையும் யாரோ முன்மொழிந்துவிட்டார்கள்.

துணைக்குழு பேகம்பூருக்குப் போனது. ஐவரும் ஒன்றாகக் கடைக்குள் நுழைந்ததில் தாஹிராவுக்கு நிற்க இடமில்லை. மேஜைக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டு இரண்டு சாமான்களை எடுத்து வைத்தார்.

“இது பழைய மாடல், உள்ள தட்டு சுத்தும். இது எஸ்.எஸ்.டி. இதுல சுத்துற சாமானே கிடையாது. வேகமா வேலை செய்யும், சத்தமும் வராது. எது வாங்கலாம்னு கேட்டா நான் இதத்தான் சொல்வேன்.”

கிறிஸ்துராஜ் சார் அதைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். “சுத்தவே சுத்தாதா?”

“சுத்தாது சார்.”

“சத்தமும் வராது?”

“வராது.”

“அப்புறம் வேலை செய்யுதுன்னு எப்படித்தாம்மா தெரியும்? எங்க ஆபீஸ்ல சத்தம் இல்லாம யாரும் வேலை செஞ்சு நான் பாத்ததில்ல.”

தாஹிரா ஐரினைப் பார்த்தார். ஐரின் தரையைப் பார்த்தாள்.

மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. “மத்த ரெண்டு கடைக்காரவுகளும் எங்கிட்டதான் சரக்கு எடுக்குறாங்க சார்” என்றார் தாஹிரா. “வேணும்னா மூணையும் நானே எழுதித் தந்துர்றேன்.” அப்படியே எழுதித் தந்தார். மூன்று தாளும் மூன்று நிறம். அவற்றை ஒப்பிட்டுப் பார்த்த செயலாளர், திண்டுக்கல்லில் போட்டி ஆரோக்கியமாக இருப்பதாகத் திருப்திப்பட்டார்.

இரண்டாவது கூட்டத்துக்குள் பங்குச் சனங்களிடையே இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. சுத்துற டிஸ்க்தான் வேண்டும் என்றவர்கள் கோவிலில் வலதுபக்கம் உட்கார்ந்தார்கள், சுத்தாததைக் கேட்டவர்கள் இடதுபக்கம். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் கும்பிடுகூட அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. டிஸ்க்கின் அளவைப் பற்றியும் பேச்சு வந்தது. ஒரு டி.பி. போதும் என்று தாஹிரா சொல்லியிருந்ததைச் செயலாளர் தெரிவித்தார்.

மாதா சபைத் தலைவி செபாஸ்தியம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். “டி.பி.யா? எங்க வீட்டுக்காரருக்கு வந்து, மாத்திரையா விழுங்கி எம்புட்டுப் பாடு பட்டோம். அதக் கோவிலுக்குள்ள ஏய்யா கொண்டாரீங்க?”

அது நோயல்ல, இடத்தின் அளவு என்று புரியவைக்க நேரம் பிடித்தது. இடம் என்று தெரிந்ததும் வேறு பிரச்சினை. இடம் என்றால் பங்கு உண்டல்லவா? எல்லா அன்பியங்களுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்றார்கள். எங்கள் தெருவில் குடும்பங்கள் அதிகம், எங்களுக்குக் கூடுதலாக வேண்டும் என்று என்னைப் பேசச் சொல்லித் தெருக்காரர்கள் அனுப்பியிருந்தார்கள். நான் பேசவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் பிரித்தபோது நடந்த அநியாயத்தை ஒருவர் ஞாபகப்படுத்தினார். டிஸ்க்கில் வடக்குப் பக்கம் யாருக்கு என்றுகூட ஒரு கேள்வி வந்தது. அது வட்டமா சதுரமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

கூட்டம் முடிகிற நேரத்தில் ஐரின் மெதுவாக எழுந்தாள்.

“சார், நீங்க முடிவெடுக்குற வரைக்கும் பாஸ்கா வசனத்த மட்டும் என் பென்டிரைவ்ல எடுத்து வச்சுக்கிறட்டுமா? இது ஒண்ணுதான் இருக்கு. போயிருச்சுன்னா...”

“உங்க பென்டிரைவ்லயா?” செயலாளரின் குரல் தாழ்ந்தது. “கோவில் சொத்தச் சொந்தப் பையில எடுத்துட்டுப் போறதுக்குப் பேரு என்ன டீச்சர்? நீங்க அப்படி இல்லதான். ஆனா இன்னைக்கு நீங்க பாஸ்காவ எடுத்துட்டுப் போவீக. நாளைக்கு ஒருத்தன் பலிபீடத்த எடுத்துட்டுப் போவான்.”

“அப்ப கோவில் பேருல ஒரு பென்டிரைவ் வாங்கிரலாமா சார்?”

“நல்ல யோசனை. அதுக்கு ஒரு துணைக்குழு போட்டுருவோம்.”

அந்தக் குழு கூடவில்லை. அதில் இருந்த மூன்று பேரும் சுத்துற கட்சி, பென்டிரைவ் சுத்தாது.

ஐரின் வீட்டுக்குப் போய் அழுதாள் என்று அவளுடைய அம்மா எங்கள் வீட்டில் சொன்னார். நாலு பேர் முன்னால் தன்னைத் திருடி என்பதுபோலச் சொல்லிவிட்டார்களே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் நகல் எடுத்திருக்கலாம், லேப்டாப் அவள் பொறுப்பில்தான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டார்களே என்று தொடாமல் வைத்திருந்தாள்.

குருத்து ஞாயிறு நெருங்கியது. உபயம் தருகிறேன் என்று பிராங்கிளின் முன்வந்தார். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், பாஸ்காவில் தலைமைக் குரு கைப்பாஸ். எங்கள் கோவில் ட்யூப் லைட் எல்லாவற்றிலும் அவர் பெயர் எழுதியிருக்கிறது. எழுத்து மறைத்தது போக மிச்ச இடத்தில் வெளிச்சம் வரும்.

“ஒரு டிஸ்க் என்ன, நல்லதாவே வாங்கிக்கங்க” என்றார் பிராங்கிளின். “பேரு எங்கன வரும்?”

“டிஸ்க் லேப்டாப்புக்கு உள்ள இருக்கும் சார். எழுதினாலும் வெளிய தெரியாது” என்றாள் ஐரின்.

“தெரியாதா? லேப்டாப்ப அடியில அறுத்து ஒரு கண்ணாடி போட்டா?”

“அடிப்பக்கத்த யாரு சார் பாப்பாங்க?”

“நெட்டுக்குத்தலா நிறுத்தி வச்சா?”

இதைப் பேரவை தீவிரமாக ஆலோசித்தது. லேப்டாப்பை நெட்டுக்குத்தலாக நிறுத்தினால் ஐரின் எப்படித் தட்டச்சு செய்வாள் என்று ஒரு சந்தேகம் எழுந்தது. அவளும் பக்கவாட்டில் சாய்ந்துகொள்ளலாம் என்றார் ஒருவர். கடைசியில் லேப்டாப் மூடியின் மேல் பெயரை ஒட்டிக்கொள்வது என்று முடிவானது. பிராங்கிளின் சம்மதித்தார். ஆனால் அவருக்கும் ஒரு நிபந்தனை இருந்தது.

“பழசு உண்மையிலேயே கெட்டுப்போச்சா? நான் அன்னைக்குக் கூட்டத்துக்கு வரலையே. கெடாத சாமானுக்கு உபயம் கொடுத்தேன்னு நாளைக்கு எவனும் சிரிக்கக் கூடாதுல்ல?”

“சார், வேண்டாம் சார்” என்றாள் ஐரின். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை. பங்குச்சாமிகூட நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி மைக்கைப் பார்த்தார்.

லேப்டாப்பைப் போட்டார்கள். டிக், டிக், டிக். பிராங்கிளின் காதை ஒட்டவைத்துக் கேட்டார். அவர் மச்சானும் கேட்டார். பிறகு கிர்ர் என்று நீளமாக ஒரு சத்தம், அதன்பின் ஒன்றுமில்லை.

கிறிஸ்துராஜ் சார் கையை உயர்த்தி எல்லாரையும் அமைதியாக்கினார். உற்றுக் கேட்டார்.

“சத்தம் நின்னுருச்சு” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. “பாருங்க, நாம அவசரப்பட்டு வாங்காதது எம்புட்டு நல்லதாப் போச்சு!”

பேரவை கைதட்டியது. ஹார்டு டிஸ்க் தானாகவே சரியானதற்கு ஆண்டவருக்கு நன்றி கூறித் தீர்மானம் போட்டார்கள். செபாஸ்தியம்மாள் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். பாதியில்தான் ஐரின், திரை கறுப்பாகவே இருப்பதைக் காட்டினாள்.

தாஹிரா டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தார். “சென்னைக்கு அனுப்பினா எடுத்தாலும் எடுக்கலாம் டீச்சர். சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன். நாளும் ஆகும்” என்றார். பாஸ்காவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. செம்பட்டி வரைக்கும் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. மேடைக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. நிறுத்திவிடலாமா என்று சாமி மெல்லக் கேட்டார்.

“தாடி வளந்திருச்சே சாமி” என்றார் பிரிட்டோ.

“நிறுத்த வேணாம், நாங்களே பேசிருவோம்” என்றார் கிறிஸ்துராஜ் சார். “இத்தன வருசமா வாயசைக்கிறேன். பிலாத்து வசனம் பூராம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனா இந்த நிலைமைக்கு யாரு பொறுப்புன்னு நிர்ணயம் பண்ணியாகணும்.”

நிர்ணயம் பண்ணினார்கள். லேப்டாப் யார் கையில் இருந்ததோ அவரே பொறுப்பு. பாஸ்கா தொடங்குமுன் ஐரின் மேடையேறிப் பொதுமக்களிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. யாரும் எதிர்க்கவில்லை. நானும்தான்.

குருத்து ஞாயிறு சாயங்காலம் மைதானம் நிறைந்துவிட்டது. ஐரின் மேடையில் ஏறி, மைக் முன்னால் நின்று, “இந்த வருசம் ரெக்கார்டிங் இல்லாமப் போனதுக்கு நான் வருத்தப்படுறேன்” என்று மட்டும் சொன்னாள். என்ன ரெக்கார்டிங், எதற்கு வருத்தம் என்று சனங்களுக்கு விளங்கவில்லை. அவள் இறங்கிப் போய்த் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வசனம் முழுவதையும் ஞாபகத்திலிருந்து எழுதிக் கையில் வைத்திருந்தாள், மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்க.

முதல் காட்சிகள் எப்படியோ நகர்ந்தன. பிரிட்டோ சின்னக் குரலில் பேசினார், ஆனால் திக்கவில்லை. பிறகு விசாரணைக் காட்சி. கிறிஸ்துராஜ் சார் சிவப்புப் போர்வையும் தகடு வேய்ந்த கிரீடமுமாகச் சிம்மாசனத்தில் அமர்ந்தார். முன்னால் பிரிட்டோவைக் கயிற்றால் கட்டி நான் நிறுத்தினேன். சாரின் உதடு அசைந்தது. வழக்கம்போல் அசைத்துவிட்டுக் குரலுக்காகக் காத்திருந்தார். குரல் வரவில்லை. அதற்கப்புறம்தான் தான் பேசவேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

“இவனிடம் நான் யாதொரு குற்றமும் காணவில்லை” என்று திரைக்குப் பின்னாலிருந்து ஐரின் எடுத்துக்கொடுத்தாள்.

சாருக்கு அது காதில் விழவில்லை. முன்னால் மைக் இருந்தது, கூட்டம் இருந்தது. தொண்டையைச் செருமினார்.

“அன்பார்ந்த யூத மக்களே, வணக்கம்.”

சிரிப்பு எங்கோ ஒரு மூலையில் கிளம்பியது.

“சிலுவையில் அறையும்!” என்று யூதர் கூட்டமாக நடித்த எங்கள் ஆட்கள் கத்தினார்கள்.

“உங்க கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. ஆனா எதுக்கும் நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு. குற்றம் செஞ்சாருன்னு சொல்றீக. நான் நேர்ல பாத்தனா? இதப் பத்தி ஆராய ஒரு மூணு பேர் குழு...”

மைதானமே சிரித்தது. பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். கைப்பாஸ் வேடத்திலிருந்த பிராங்கிளினுக்குப் பொறுக்கவில்லை. “யோவ் பிலாத்து, தீர்ப்பச் சொல்லுய்யா! பின்னால இன்னும் எம்புட்டுக் காட்சி கெடக்கு!”

“அவசரப்பட்டு நான் எதையும் செய்ய மாட்டேன்” என்றார் பிலாத்து. “இருதரப்பும் ஒத்துமையா ஒரு முடிவுக்கு வாங்க.”

சாமி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் ஐரின் சமயோசிதமாகத் தண்ணீர்த் தாம்பாளத்தை உள்ளேயிருந்து அனுப்பிவைத்தாள். தாம்பாளத்தைக் கண்டதும் சாருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கை கழுவுகிற இடத்தை மட்டும் அவர் ஒரு பிசகும் இல்லாமல் செய்தார்.

சிலுவைப் பாதை தொடங்கியபோதும் சனங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மரச்சிலுவை உண்மையிலேயே கனம். பிரிட்டோ குனிந்து நடக்க, நான் சாட்டையோடு பக்கத்தில் போனேன். எதிரே கிளாரா வந்தார். இந்த இடத்துக்கு ஸ்டுடியோவில் பதிவு செய்திருந்த புலம்பல் வெகு நீளம். வானமும் பூமியும் அதில் கலங்கும். கிளாரா பிரிட்டோ முன்னால் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை.

“மகனே, என் உதிரத்தின் உதிரமே” என்று ஐரின் எடுத்துக்கொடுத்தாள். மறுபடியும் எடுத்துக்கொடுத்தாள்.

கிளாரா சேலை முந்தானையால் பிரிட்டோவின் முகத்தைத் துடைத்தார்.

“ஏலே அப்பு” என்றார். “சாப்டியாலே?”

கீழே சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

பிரிட்டோ விழித்தார். அவருக்கு இங்கே பெரிய வசனம் ஒன்று இருந்தது. “இல்லம்மா” என்றார்.

“நேத்துல இருந்தேவா?”

“ஆமாம்மா.”

கிளாரா என் பக்கம் திரும்பினார். நாங்கள் தினமும் ஒரே பஸ்ஸில் கடைவீதிக்குப் போகிறவர்கள். அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் முன்பின் தெரிந்த அடையாளமே இல்லை.

“ஐயா, செத்த நேரம் இதை இறக்கி வைக்கச் சொல்லுங்கய்யா. ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கிறட்டும். நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வருவான். ஓடிப்போற பிள்ள இல்ல.”

எனக்கு வசனம் கிடையாது. ஆனால் பதில் சொல்லாமல் நிற்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“எங்களுக்கு உத்தரவு இல்லம்மா.”

முன்வரிசைக்குப் பின்னால் ஒரு அம்மாள் எழுந்தார், யாரென்று தெரியாது, வெளியூர். கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

“உனக்கு உத்தரவு இல்லேன்னா போ! இந்தா, நான் தாரேன். பிள்ளைக்குக் குடு!”

நான் சாட்டையைக் கீழே போட்டுவிட்டு, மேடை விளிம்புக்குப் போய்ப் பாட்டிலை வாங்கினேன். சுவிசேஷத்தில் இப்படி ஒரு போர்வீரன் இல்லை. கிளாரா அதைத் திறந்து பிரிட்டோவின் வாயில் ஊற்றினார். அவர் குடித்து முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம். கூட்டத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. எந்த வருடமும் இந்த இடத்தில் அழுகிற அழுகை இல்லை அது. திரைக்குப் பின்னால் ஐரின் எழுதிவைத்த தாளை மடித்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு பார்த்தாள்.

நாடகம் முடிந்ததும் நிறையப் பேர் கிறிஸ்துராஜ் சாரின் கையைப் பிடித்து, பிலாத்து பிரமாதம் என்றார்கள். அவர் அடக்கமாக ஏற்றுக்கொண்டார். நடைமுறையை விட்டுக்கொடுக்காத அதிகாரி என்று தன்னைப் பாராட்டுவதாக நினைத்தார்.

ஈஸ்டர் கழிந்து பேரவை கூடியது. பிராங்கிளின் சொன்னபடி புது டிஸ்க் வாங்கித் தந்துவிட்டார், ஒரு டி.பி., சுத்தாதது. லேப்டாப் மூடியின் மேல் ‘உள்ளே உள்ள ஹார்டு டிஸ்க் உபயம்’ என்று தொடங்கி அவருடைய மண்டபத்தின் விலாசம் வரை ஒட்டியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை அன்பியங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது.

கிறிஸ்துராஜ் சார் எழுந்தார். “இந்த வருச பாஸ்கா வெற்றி. மறுக்கல. ஆனா சில இடங்கள்ல அனுமதி பெறாத வசனம் பேசப்பட்டிருக்கு. மாதா ‘சாப்டியாலே’ன்னு கேட்டதுக்கு எந்தக் கூட்டத்துலயும் ஒப்புதல் குடுத்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல. போர்வீரரும் பேசியிருக்காரு.” என்னைப் பார்த்தார். “அதனால மறுபடியும் மதுரைக்குப் போயி, நல்ல தமிழ்ல, நல்ல குரல்ல புதுசா ரெக்கார்டு பண்ணிக் கொண்டாந்துருவோம். அடுத்த வருசம் எல்லாரும் பழையபடி வாயசைச்சா போதும்.”

கிளாரா பேரவை உறுப்பினர் அல்ல. அன்று விசாரணைக்காக அழைத்திருந்தார்கள். கடை விட்டு நேரே வந்து கதவோரம் நின்றிருந்தார்.

“ரெக்கார்டு பண்ணிக்கங்க சார்” என்றார். “எத்தன தடவை வேணும்னாலும் பண்ணிக்கங்க. ஆனா நான் மேடைக்கு வாரப்ப அந்தப் பெட்டியோட வயரப் பிடுங்கிப்புட்டுத்தான் வருவேன்.”

“என் வசனம் வர்றப்பவும் சேத்துப் பிடுங்கிருங்கக்கா” என்றார் பிரிட்டோ. தாடி இல்லாத முகத்தில் அவருக்குச் சிரிப்பை மறைக்கத் தெரியவில்லை.

பேரவை திகைத்தது. கிறிஸ்துராஜ் சார் மட்டும் திகைக்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்துக்காகவே பிறந்தவர் அவர். நிலைமையின் தீவிரத்தை விளக்கினார். கோவில் உடைமைக்கு வெளிப்படையாக மிரட்டல் வந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். பாஸ்கா நடக்கும் அன்று ஒலிபெருக்கி வயர் அருகிலேயே உட்கார்ந்து அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பதற்கு உடனடியாக ஒரு வயர் பாதுகாப்புத் துணைக்குழு அமைக்க வேண்டும் என்றார். ஏகமனதாக நிறைவேறியது.

“யாராவது முன்வாங்க” என்றார். “நம்பிக்கையான ஆளா இருக்கணும். விதிய மீறாத ஆளா இருக்கணும்.”

யாரும் முன்வருவதற்குள் ஐரின் கையைத் தூக்கிவிட்டாள்.

“நான் பாத்துக்கிறேன் சார்” என்றாள். கிளாராவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.